ஓட்டை வள்ளத்துக்கு மோட்டார் பூட்டிய கதை

“பாட்டுப் படிச்சது ஆரோ ஒருத்தன். மெட்டுப் போட்டது வேறை ஒருத்தன். நடுவிலை நீ என்னத்தைச் செய்தனீ எண்டு உன்ரை பேரைப் போடுகினம்?”

என் மாமி கேட்ட கேள்வி இது. ஒரு கலியாண வீடியோவின் கடைசியில், சமையல் செய்தவர், மாலை கட்டியவர், மணவறை சோடித்தவர் எல்லோருக்கும் பிறகு ‘பாடல் தொகுப்பு’ என்று போட்டு என் பெயர் ஓடியது. எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய பெயர் திரையில் வந்தது அதுதான் முதல் தடவை. அப்பா மயிலிட்டிக் கடலில் தொழில் செய்தவர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பார். அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. ஆகையால் என் பெயரை நானே அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் வீடியோவைத் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். மாமி மட்டும் வாயைக் கோணிக்கொண்டு இருந்துவிட்டு மேற்படி கேள்வியைக் கேட்டார்.

இன்றைக்கு நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு என்றதும் நரைத்த தலையை நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. மண்டபங்களில் ஆளுயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று வலது காதில் ஓயாத ஒரு இரைச்சல் குடியேறிவிட்டது. காது வைத்தியர் வலது காதைப் பார்த்துவிட்டு, இடது காதையாவது காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். தலையில் மாட்டும் ஹெட்போனும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம் என்றார். எங்கள் தொழிலில் இந்த இரண்டும் இல்லாமல் மிச்சம் அதிகமில்லை.

அண்மையில் இத்தொழிலுக்குப் புதிதாக வந்த சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகளும் அவர்களுக்குள் இருந்ததில் எனக்குச் சந்தோசம். அவர்கள் தொகுத்துக் கொடுத்த கலியாண வீடியோ ஒன்றை மாப்பிள்ளை வீட்டார் இணையத்தில் ஏற்ற, பாட்டுக்கு உரிமை இல்லை என்று அங்கே சத்தத்தையே நிறுத்திவிட்டார்களாம். மணமக்கள் ஊமைப்படம் போல நடந்து வருகிறார்கள். “அக்கா, பழைய பாட்டை வெட்டி, நீட்டி, தாள அடி சேர்த்துப் போடுறம். உது கலையோ, களவோ?” என்று கேட்டார்கள். மாமியின் கேள்விதான், கொஞ்சம் மரியாதையாக.

அவர்களுக்கு அன்று ஒரு தேநீரும் அரைகுறைப் பதிலும் கொடுத்து அனுப்பினேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் பயின்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்த எங்கள் குடும்பம் அச்சுவேலிப் பக்கத்தில் வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்தது. அம்மா வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். நான் உயர்தரம் வரை படித்து, யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கணினியும் ஒலிப்பதிவும் கற்றேன். சான்றிதழோடு அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட இருந்த ஒரு வீடியோ, ஒலியமைப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் கலியாண வீடியோக்களில் பெயர் எழுத்துகள் போடும் வேலை. பிறகு பாட்டு. மூன்றாவது மழைக்காலம் வருமுன் மேடையில் நின்று பாட்டு ஓட்டவும் தொடங்கிவிட்டேன். ‘மயிலி’ என்பது என் மேடைப் பெயர். ஊரை விட்டு வந்தாலும் பெயரில் பாதியைக் கொண்டுவந்தேன் என்று அப்பா சொல்வார்.

கடை முதலாளியின் பெயர் சிவநேசன். எல்லோருக்கும் சிவா அண்ணை. வேலை செய்யும் அறைக்குள் செருப்போடு போக விடமாட்டார், தானும் போகமாட்டார். கசெற் ஓடும் இயந்திரத்தின் தலையை ஒவ்வொரு காலையும் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்துத் தானே துடைப்பார். பாராட்டுவது அவருக்குப் பழக்கமில்லை, திட்டுவதும் இல்லை. நாங்கள் முடித்த பாட்டைப் போட்டால் கண்ணை மூடி, வலது பெருவிரலால் மேசை விளிம்பில் தாளம் தட்டிக்கொண்டிருப்பார். ஏதாவது பிழையென்றால் விரல் நின்றுவிடும். பாட்டு முடிந்ததும் எழும்பிப் போய்விடுவார். எங்கே நின்றது, ஏன் நின்றது என்று நாங்கள்தான் தேட வேண்டும். ஒருமுறை சலித்துப்போய், “எங்கை பிழை எண்டு ஒருக்கால் வாயாலை சொல்லுங்கோவன் அண்ணை” என்றேன். “சொன்னால் அது என்ரை காது. உனக்கு உன்ரை காது வேணுமெல்லோ” என்றுவிட்டு வெற்றிலை வாங்கப் போய்விட்டார்.

அவர் இளமையில் ‘ரெக்கோடிங் பார்’ வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் வெறும் கசெற்றைக் கொண்டுபோய், விருப்பமான பாட்டுகளைச் சொன்னால் பதிந்து தருவார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கக் கேட்ட பாட்டுகள் அப்படிக் கேட்டவைதான். எனக்கு முந்திய தலைமுறையில் பாட்டைப் பாடியவரிடம் காசு கொடுத்துக் கேட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அது களவில்லையா என்று சிவா அண்ணையிடம் கேட்டேன்.

“பாட்டுக் கேக்கிறதே அப்ப பெரிய விசயம். களவோ எண்டு கேக்க ஆருக்கு நேரம் இருந்தது?” என்றார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை முடிந்து ஆளிடம் கொடுத்தவுடன், கசெற்றிலிருந்து எடுத்த மூலப் பதிவைக் கணினியிலிருந்து அழித்துவிடுவார். “குப்பை சேர்த்தால் மிசின் இளைக்கும்” என்பார். சமைத்து முடித்த பின் மீன் செதிலை யாராவது வைத்திருப்பார்களா என்ற மாதிரித்தான். எங்களுக்கும் அதில் பிழை தெரியவில்லை.

ஒரு நாள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஒரு பழைய கசெற்றைக் கொண்டுவந்தார். தன் தங்கையின் கலியாணத்தில் எல்லோரும் ஆடுவதற்கு அதிலிருக்கும் பாட்டைப் புதுசாக்கித் தர வேண்டும் என்றார். பாடியது யார் என்று கேட்டேன். “எங்கடை சொந்தத்துக்கை ஒருத்தர், குருநகர்ப் பக்கம்” என்றார், அவ்வளவுதான். சிவா அண்ணை கசெற்றை இயந்திரத்தில் வைத்துக் கணினிக்கு எடுத்தார். நாடா முழுக்க ஓடிக் கொடுத்தது. திருப்பிச் சுற்றும்போது நொருங்கி, இயந்திரத்துக்குள் துண்டு துண்டாகச் சிக்கிக்கொண்டது. பாட்டு வந்தால் போதும் என்று, கொண்டுவந்தவர் நாடாவைத் திருப்பிக் கேட்கவில்லை.

பாட்டு இதுதான். ஒருவன் கலியாணம் முடிக்கிறான். சீதனமாக மாமனார் ஒரு வள்ளம் கொடுக்கிறார்.

‘வள்ளம் தந்தார் மாமா – கூட
வாளியும் தந்தாரே!’

வாளி எதற்கென்று கடலில் இறங்கிய பிறகுதான் மாப்பிள்ளைக்குத் தெரிகிறது. வள்ளம் ஓட்டை, தண்ணீர் அள்ளி ஊற்ற வேண்டும். ஒரு கித்தார், கவிழ்த்துப் போட்டு அடிக்கும் ஒரு தகர வாளி, ஒரு கரகரத்த குரல். வேறொன்றும் இல்லை. கேட்டவுடன் எனக்குக் கால் ஆடியது.

ஆனால் பாட்டு நேராக ஓடவில்லை. போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று விரையும், குரல் மேலே ஏறிக் கீச்சிடும், பிறகு பழையபடி இறங்கும். குறிப்பாக ‘வாளியும் தந்தாரே’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் தளம்பியது. அதன் மேல் அடி சேர்த்தால் ஆடுகிறவர்களின் கால் பின்னிக்கொள்ளும். ஆகவே நேராக்கினேன். அதை எப்படிச் செய்வது என்று புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வாளியில் விழும் ஒவ்வொரு அடிக்கும் திரையில் ஒரு குறி வைக்க வேண்டும். பிறகு குறிகளுக்கிடையில் உள்ள இடைவெளி ஒரே அளவாக வரும்படி பாட்டை இழுக்கவோ நெருக்கவோ வேண்டும். வேகத்தோடு குரலின் சுருதியும் சேர்ந்து மாறும்படி வைத்தேன். நாடா ஓடும் முறை அப்படித்தான். நேராக்கியதைத் தனியாக ஒரு பதிவாக எழுதி வைத்தேன். அதன் பிறகுதான் இரைச்சலை எடுப்பது, முன்பக்கத்தை நீட்டுவது, அடித்தாளம் போடுவது எல்லாம். பாட்டுக்கு நடுவில் “மயிலி மிக்ஸ்!” என்று என் குரலையும் வைத்தேன். எல்லா டி.ஜே.மாரும் வைப்பதுதான். வேறொருவர் தன்னுடையதென்று சொல்லாமல் இருக்க.

சிவா அண்ணையின் பெருவிரல் கடைசி வரை நிற்கவில்லை.

அந்தப் பாட்டு போன போக்கைச் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். அடிக்கிறேன்தான். கலியாணவீடு, சாமத்திய வீடு, கோயில் பெருநாளுக்குப் பிறகு நடக்கும் ஆட்டம், விளையாட்டுப் போட்டி, எங்கும் அது ஓடியது. பஸ்ஸில் ஓடியது. மரக்கறி விற்கும் ஓட்டோவில் ஓடியது. கரவெட்டியில் ஒரு மாப்பிள்ளை மணவறையிலிருந்து இறங்கி வந்து ஆடினார் என்று ஐயரே சொன்னாராம். ஆக்கம் என்பது இல்லாததை உண்டாக்குவது மட்டும்தான் என்றால் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கசெற்றுக்குள் செத்துக் கிடந்ததை ஆயிரம் கால்களுக்குள் அனுப்புவதும் ஆக்கம் என்றால் நான் செய்தேன்.

பிறகு ஒரு நாள் அதே பாட்டை யாரோ ஒருவருடைய வீடியோவில் கேட்டேன். என் அடி, என் நீட்டல், எல்லாம் என்னுடையவை. “மயிலி மிக்ஸ்” என்று வர வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு ஹோர்ன் சத்தம் ‘பாம்’ என்று அடித்தது. விசாரித்ததில் அது குருநகர் கிறிஸ்ரியின் வேலை என்று தெரிந்தது. கிறிஸ்ரி என்னிலும் இளைய டி.ஜே. வாய் நீளம். உடனே தொலைபேசி எடுத்தேன்.

“என்ரை மிக்ஸை எடுத்து ஓட்டுறியாமே?”

“உங்கடையோ அக்கா? உங்கடை எண்டு ஆர் சொன்னது?”

“நடுவிலை என்ரை பேர் கிடக்குது.”

“அதுக்குத்தானே ஹோர்ன் அடிச்சனான்.”

“வெக்கமில்லையோ உனக்கு? இது களவு!”

மறுமுனையில் அவன் சிரித்தான். “சரி அக்கா, களவுதான். நீங்கள் எடுக்கேக்கை அருளப்பர் ஐயாவிட்டைக் கேட்டனீங்களோ?”

“ஆர் அருளப்பர்?”

“சரியாப் போச்சு. பாட்டைப் படிச்ச மனிசன் அக்கா! எங்கடை ஒழுங்கையிலை இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். உங்களைக் காணவேணும் எண்டு கனநாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்தான், மயிலி எண்ட ஆள் ஆம்பிளையோ பொம்பிளையோ தெரியாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

பாடியவர் உயிரோடு இருப்பார் என்று நான் ஏனோ நினைத்ததே இல்லை. பழைய பாட்டு என்றால் பாடியவரும் இல்லாமற் போனவர் என்ற ஒரு எண்ணம் எங்களுக்கெல்லாம் இருக்கிறது. அது வசதியான எண்ணம்.

ஞாயிறு பூசை முடிந்த நேரமாகப் பார்த்துக் குருநகருக்குப் போனேன். கிறிஸ்ரி முன்னால் நடந்தான். அருளப்பர் ஐயா முற்றத்தில் கதிரை போட்டிருந்து கிழிந்த வலைத்துண்டு ஒன்றை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். மெலிந்த, நீண்ட மனிதர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீர்தானோ என்ரை ஓட்டை வள்ளத்துக்கு மோட்டர் பூட்டினது?”

“ஓம் ஐயா” என்றேன்.

“நல்லாத்தான் ஓடுது” என்றார். “மேரி, இஞ்சை வா, மெக்கானிக் வந்திருக்கு.”

அவர் மனைவி மேரி அம்மா தேநீர் கொண்டுவந்து தந்தார். நான் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன், அனுமதி… அவர் ஊசியைப் பிடித்த கையாலேயே போதும் என்று காட்டினார்.

“அந்த மெட்டு என்ன, என்ரையோ? சிலாபப் பக்கம் கரையிலை வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்யேக்கை கேட்ட பைலாப் பாட்டு. சொல்லு மட்டும்தான் என்ரை. இவன் கிறிஸ்ரி உம்மட்டைக் கேக்கேல்லை எண்டு நீர் சண்டைக்குப் போறீர். நீர் கேக்கேல்லை எண்டு நான் சண்டைக்கு வர, சிலாபத்தான் எனக்கு அடிக்க வருவான். அதை விடும்.” கிறிஸ்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஐயா சிரிக்கவில்லை. வலையை மடியில் வைத்தார். “நான் உம்மட்டைக் கேக்க நினைச்சது வேறை. பாட்டுக்குள்ளை இருந்த பிரான்சிஸ் எங்கை?”

“பிரான்சிஸ் ஆர் ஐயா? பாட்டிலை உங்கடை குரல் மட்டும்தானே இருந்தது?”

“அவன் படிக்கேல்லைப் பிள்ளை. சில்லுச் சுத்தினவன்.”

பிறகு மேரி அம்மாவும் அவருமாக மாறி மாறிச் சொன்னார்கள். அந்தப் பாட்டுப் பதிந்தது, போரால் குடாநாட்டில் மின்சாரமே இல்லாதிருந்த காலத்தில். பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் பிடித்துச் சில்லைச் சுற்றினால், டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் கசெற் ஓடும். ஐயா கித்தாரோடு பாட, ஒரு சிநேகிதன் வாளியில் அடிக்க, ஐயாவின் தம்பி பிரான்சிஸ் சில்லைச் சுற்றியிருக்கிறான்.

“அண்டைக்குத்தான் அவன் அந்தப் பாட்டை முதன்முதல் கேக்கிறான்” என்றார் ஐயா. “வாளியும் தந்தாரே எண்ட உடனை சிரிப்பு வந்திட்டுது. சத்தம் பதிஞ்சு போகும் எண்டு வாயைக் கடிச்சுக்கொண்டு சிரிக்கிறான். கை சோருது. கை சோர, ரேப் இழுபடுது. நான் கண்ணாலை வெருட்ட, திருப்பி வேகமாச் சுத்துவான். அடுத்த தரம் வாளி வர, பிறகும் சிரிப்பு.”

தளம்பல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதியும்போது நாடா மெதுவாக ஓடினால், பிறகு சரியான வேகத்தில் போடும்போது அந்த இடத்தில் குரல் மேலே ஏறும். நான் பழுது என்று நினைத்து ஒவ்வொன்றாக நேராக்கியது, ஒரு பெடியன் வாயைக் கடித்துக்கொண்டு சிரித்த இடங்களை.

“அவர் இப்ப எங்கை?” என்று கேட்டேன்.

“கடலுக்குப் போனவன், வரேல்லை” என்றார் ஐயா. மடியிலிருந்த வலையை எடுத்துத் திரும்பவும் பொத்தத் தொடங்கினார்.

மேரி அம்மாதான் சொன்னார். “இடம்பெயர்ந்து ஓடின ஓட்டத்திலை படங்கள் எல்லாம் துலைஞ்சு போட்டுது பிள்ளை. அவன்ரை முகம் ஒண்டிலையும் இல்லை. அந்தக் கசெற்றைப் போட்டால் அந்த இடம் வரேக்கை இவர், ‘இந்தா சிரிக்கிறான்’ எண்டுவார். நாங்களும் சிரிப்பம். போன வருசம் மருமோன் வந்து, புதுசாக்கிக் கொண்டுவாறன் எண்டு வாங்கிக்கொண்டு போனவர்.”

“அடுத்த மாதம் பேத்திக்குக் கலியாணம்” என்றார் ஐயா. “உம்மடை பாட்டுத்தான் ஓடும். ஊரெல்லாம் ஆடும். அவன் மட்டும் அதுக்குள்ளை இருக்கமாட்டான். பழைய கசெற்றைத் தாரும் பிள்ளை. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

கசெற் இல்லை என்று அந்த முற்றத்தில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பாத்திட்டு வாறன் ஐயா” என்றேன்.

மறுநாள் காலை சிவா அண்ணை தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தபோது விசயத்தைச் சொன்னேன். அவர் சுற்றுவதை நிறுத்தினார். “நாடாவை அண்டைக்கே எறிஞ்சாச்சு. மூலப் பதிவையும் அழிச்சாச்சு” என்றார். தீக்குச்சியை மேசையில் வைத்துவிட்டு, “செத்த மீனுக்கு உயிர் குடுக்கேலாது பிள்ளை” என்றார். ஆனால் அன்று முழுக்க அவர் கடைக்கு முன்னால் வந்து ஆட்களோடு கதைக்கவில்லை. அறைக்குள்ளேயே இருந்தார்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. நேராக்கிய பின், இரைச்சல் எடுப்பதற்கு முன், தனியாக எழுதி வைத்த பதிவு. அது மூலம் அல்ல, நான் செய்தது என்பதால் அதைச் சிவா அண்ணை அழிக்கவில்லை. அதை ஒன்றுக்குப் பலமுறை கேட்டேன். குரல் நேர். வாளி நேர். தளம்பலை நான் நினைத்தபடி திருப்பிப் போடலாம், கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அது பிரான்சிஸாக இருக்காது. நான் சிரித்ததாக இருக்கும். இந்தத் தொழிலில் நான் செய்த எதையும் களவென்று ஒப்புக்கொள்ளாதவள். அதைச் செய்திருந்தால் அதுதான் களவு.

ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தபோது, இரண்டு அடிகளுக்கிடையில் பாட்டின் அடியில் ஏதோ ஒன்று ரீங்கரிப்பதைக் கவனித்தேன். வண்டு பறப்பது போல. அதுவும் ஏறி இறங்கியது. எல்லாம் நேராகிவிட்ட பாட்டில் இது மட்டும் ஏன் தளம்புகிறது?

ஒலியைப் படமாகக் காட்டும் திரையைத் திறந்தேன். அந்த ரீங்காரம் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. ‘வாளியும் தந்தாரே’ என்று வரும் இடமெல்லாம் அந்தக் கோடு கீழே சரிந்து, பிறகு மேலே ஏறியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. அது சில்லின் சத்தம். டயரில் உரசும் டைனமோவின் சத்தம். சில்லு மெதுவாகும்போது அதன் சத்தமும் இறங்கும், நாடாவும் மெதுவாகும். இரண்டும் சேர்ந்து இறங்கியதால் கசெற்றைப் போடும்போது ரீங்காரம் ஒரே சீராக இருந்திருக்கும், பாட்டுத்தான் தளம்பியிருக்கும். நான் பாட்டை நேராக்கினேன். ஆகவே சில்லு தளம்பிவிட்டது. அவன் கை சோர்ந்த இடம் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் அப்படியே இருந்தது.

எனவே செய்ய வேண்டியது நான் முன்பு செய்ததன் மறுபக்கம். பாட்டைப் பார்க்கவே கூடாது. அந்தக் கோட்டை மட்டும் நேராக்க வேண்டும். கோடு சரியும் இடங்களில் குறி வைத்து, அது ஒரே மட்டத்துக்கு வரும்வரை பதிவை நெருக்கினேன். அதிகம் நெருக்கினால் கோடு மேலே கிளம்பும், விட்டால் தொய்யும். மயிரிழை மயிரிழையாக. குரல் கோட்டை மறைத்த இடங்களில் முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்து இணைத்தேன். கோடு நேராக நேராக, பாட்டு வளைந்தது.

முடித்துவிட்டுச் சிவா அண்ணையைக் கூப்பிட்டேன். கடையில் என்னைத் தவிர மூலத்தைக் கேட்ட காது அவருடையது மட்டும்தான். கண்ணை மூடினார். பெருவிரல் தட்டத் தொடங்கியது. முதல் ‘வாளி’ வந்தது. பாட்டு விரைந்தது, விரலும் கூட விரைந்தது. இறங்கியது, விரலும் இறங்கியது. நிற்கவே இல்லை. பாட்டு முடிந்ததும் அவர் வழக்கம் போல எழும்பிப் போகவில்லை.

“இனி ஒண்டையும் அழிக்கிறேல்லை” என்றார். மிசின் இளைப்பதைப் பற்றி அதன் பிறகு அவர் கதைத்ததே இல்லை.

குருநகர் முற்றத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்துப் பாட்டைப் போட்டேன். அருளப்பர் ஐயா வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ‘வள்ளம் தந்தார் மாமா’ வந்தது. ‘வாளியும்’ வந்தது. குரல் கீச்சென்று மேலே போனது.

“இந்தா!” என்றார் ஐயா. ஊசி கையிலிருந்து விழுந்தது. “மேரி! இந்தா சிரிக்கிறான்!”

மேரி அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். சீலைத் தலைப்பு வாயில் இருந்தது. அடுத்த ‘வாளி’க்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்கடுத்ததற்குக் கிறிஸ்ரியும் சிரித்தான். அவன் பிறந்ததே பிரான்சிஸ் போன பிறகு.

பாட்டு முடிந்ததும் நான் கேட்டேன். “அப்ப கலியாணத்துக்கு இதைத்தான் போடுறதோ ஐயா?”

“உனக்கென்ன விசரோ? இதுக்கு ஆர் ஆடுறது, கால் முறிஞ்சு போம்” என்றார். நீர் என்பது எப்போது நீ ஆனது என்று நான் கவனிக்கவில்லை. “ஆடுறதுக்கு உன்ரை. கேக்கிறதுக்கு அவன்ரை. முதல் இதைப் போட்டு, ஆர் சில்லுச் சுத்தினது எண்டு மைக்கிலை சொல்லு. பிறகு மோட்டரை ஸ்ரார்ட் பண்ணு.”

அப்படியே செய்தோம். கிறிஸ்ரிதான் மைக்கைப் பிடித்தான். ஹோர்ன் அடிக்கவில்லை. பாடியவர் பெயரும், வாளி அடித்தவர் பெயரும், பிரான்சிஸின் பெயரும், கடைசியில் என் பெயரும் சொன்னான். மண்டபம் தளம்பும் பாட்டைக் கேட்டுச் சிரித்தது. பிறகு என் அடி விழுந்தது. அருளப்பர் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் வலது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அது வலித்ததாக நினைவில்லை.

இனி, வந்து கேட்ட பிள்ளைகளுக்கு. வெட்டுவதும் ஒட்டுவதும் நீட்டுவதும் வேலைதான், நல்ல வேலை. அதைச் செய்யக் காதும் படிப்பும் பொறுமையும் வேண்டும். அதைக் களவென்று சொல்கிறவர் ஒரு பாட்டையாவது நேராக்கிப் பார்க்கட்டும். ஆனால் ஒரு பாட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது திரையில் தெரியாது. பாடியவர் தெரிவார், அடித்தவர் தெரிவார். சில்லுச் சுற்றியவர் தெரியமாட்டார். எது பழுது, எது ஆள் என்று சொல்லக்கூடியவர் யாராவது ஒரு ஒழுங்கையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருப்பார். முதலில் அவரிடம் போங்கள். அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். விட மனமில்லாவிட்டால், குறைந்தபட்சம் கலை என்ற சொல்லையாவது விட்டுவிடுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை நான் படித்தேன். அது பாட்டு யாருடையது என்று சொல்கிறது. தட்ட வேண்டிய கதவு எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

கடையை விட்டு நின்ற பிறகு மண்டபங்களுக்குப் போவதில்லை. வீட்டில் சின்ன ஸ்பீக்கரில், சத்தத்தைக் குறைத்து வைத்து, இடது காதால் வேலை செய்யலாம் என்று வைத்தியர் விட்டிருக்கிறார். தோட்டத்தில் நாற்று நடும் பெண் ஒருத்தி மழையைத் திட்டுவதாக ஒரு பழைய பாட்டு இருக்கிறது. எல்லா டி.ஜே.மாரிடமும் அது உண்டு, பாடிய பெண்ணின் பெயர் ஒருவரிடமும் இல்லை. அதை எடுத்து வேலை செய்ய எனக்கு நீண்ட நாள் ஆசை. இம்முறை கணினியைத் திறக்கவில்லை. விசாரித்தேன். பலரும் பலதும் சொன்னார்கள். கடைசியில் ஒருவர் கோப்பாயில் ஒரு வீட்டை அடையாளம் சொன்னார்.

நேற்று பஸ்ஸில் போய் இறங்கினேன். மரவள்ளித் தோட்டத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறப் படலை. தட்டினேன். நாய் குரைத்தது.

“ஆரது?” தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்.

“நான் ஒரு பாட்டைப் பற்றிக் கதைக்க வந்தனான் அம்மா.”

“எந்தப் பாட்டு?”

முதல் வரியைச் சொன்னேன். உள்ளே தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றது. நாயை அதட்டும் சத்தம் கேட்டது.

“படலை திறந்துதான் கிடக்குது” என்றது குரல். “உள்ளுக்கு வாரும். நாய் கடியாது.”